வழி அடையாளங்களைப் பிடித்துப் பயணிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நேராக நடப்பது பெரிய வித்தை இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த நினைப்பைக் கலைத்துப் போட்டது. ஜெர்மனியில் ஒரு பெரிய காட்டிலும், துனீசியாவின் சஹாரா பகுதியிலும் ஆட்களை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரை ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் ஏற்கெனவே நடந்த பாதையைக் குறுக்கே கடந்தும் அது தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னபோது சிலர் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மனிதனுக்குள் நம்பகமான திசைகாட்டி எதுவும் கிடையாது. வெளியே ஏதாவது ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டுதான் நாம் நேராகப் போகிறோம். கையில் போன் இருக்கும்போது இது மறந்துவிடுகிறது. போன் அணைந்ததும், அல்லது உயரமான கட்டடங்களுக்கு நடுவே, போன் வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் அந்த நீலப்புள்ளி தெருவுக்குத் தெரு தாவத் தொடங்கியதும், சட்டென்று நினைவுக்கு வருகிறது.

அடையாளத்தைப் பார்ப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. வழியில் ஒரு கோபுரம் இருந்தது என்று நினைவில் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அது எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், எந்தக் கைப்பக்கம் வர வேண்டும், வந்ததும் நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது வழி அடையாளம். மற்றதெல்லாம் வேடிக்கை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

அடையாளம் மூளையில் என்ன செய்கிறது

ஜான் ஓ'கீஃப் என்ற நரம்பியல் விஞ்ஞானி 1971-ல் எலியின் மூளையில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், வினோதமான செல்களைக் கண்டறிந்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கும். வேறோர் இடத்தில் வேறொரு செல். 2014-ல் அவருக்கும் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறையில்தான். பிற்பாடு நடந்த சோதனைகளில், எலி உலவும் வட்டமான கூண்டின் சுவரில் ஓர் அட்டையை ஒட்டி, பிறகு அதைச் சுற்றி நகர்த்திப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் துடிக்கும் இடங்களும் அட்டையோடு சேர்ந்து சுழன்றன. மூளைக்குள் இருக்கும் வரைபடத்தை வெளியே தெரியும் அடையாளம்தான் ஆணி அடித்து நிறுத்துகிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிகோ டின்பர்கன் என்ற விலங்கியலாளர், மண்ணில் வளை தோண்டும் ஒரு குளவியின் வளையைச் சுற்றி பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி அவற்றைப் பார்த்துப் பழகிக்கொண்டது. அது இரை தேடிப் போன நேரத்தில் காய்களைச் சற்றுத் தள்ளி அதே வட்டமாக வைத்தார். திரும்பி வந்த குளவி, வளை கண்ணெதிரே பக்கத்திலேயே இருக்க, காய்களின் நடுவே போய் இறங்கித் தேடியது. ஒரே அடையாளத்தை நம்பினால் நமக்கும் இதே கதிதான். அதனால் எந்த முடிவையும் குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒத்துச் சொன்னால் மட்டும் எடுங்கள்.

ஐந்து வகை வேலை

எல்லா அடையாளங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கிளம்புவதற்கு முன்பே இந்தப் பாகுபாடு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

தொலைவில் தெரியும் மலை, உயரமான கோபுரம் போன்றவை திசை சொல்லும். அவை இருக்கும் பக்கம் தெரியும், ஆனால் எந்தத் தெருவில் திரும்புவது என்று அவை சொல்லாது. கிளை பிரியும் இடத்திலேயே நிற்கும் பாலம், சிலை, மூலைக் கட்டடம் ஆகியவை திருப்பத்தைச் சொல்லும். மூன்றாவது வகை, நீண்ட நேரான பாதையின் நடுவில் வருவது. அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை, சரியான வழியில்தான் வருகிறோம் என்ற நிம்மதியை மட்டும் அது தரும். நான்காவது, பக்கத்திலேயே கூட வரும் கோடு: ஆறு, ரயில் பாதை, மின்கம்பி வரிசை, மலை முகடு. மாடிப்படியின் கைப்பிடியைப் போல இதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம்.

ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சேர வேண்டிய இடத்துக்கு அப்பால் இருக்கும் ஒன்றை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு, அது வந்துவிட்டால் தாண்டிவிட்டோம், திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வது. வழி தவறுகிறவர்கள் தவறான திருப்பத்தில் திரும்பியதால் மட்டும் அவதிப்படுவதில்லை. சரியான திருப்பத்தைத் தவறவிட்ட பிறகு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருப்பதால்தான் சிக்கல் பெரிதாகிறது. அந்த 'இன்னும் கொஞ்சத்துக்கு' ஒரு வேலி போடுவது இந்த அடையாளம்.

படி 1: அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள்

நகரத்தை மக்கள் மனதில் எப்படி வரைந்துவைத்திருக்கிறார்கள் என்று கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்டமிடல் அறிஞர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலீஸ் ஆகிய மூன்று நகரங்களில் ஆராய்ந்து 1960-ல் எழுதினார். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளங்கள் என்று ஐந்தாக அதைப் பிரித்தார். அடையாளத்தைப் பற்றி அவர் சொன்னதில் முக்கியமானது, அது சுற்றியிருப்பவற்றிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும் என்பது. ஐம்பது மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இன்னொரு ஐம்பது மாடிக் கட்டடம் எதற்கும் உதவாது. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தால் அதுதான் அடையாளம்.

கடலோடிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரை தட்டையானது. கடலிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்குள்ள கலங்கரை விளக்கங்களுக்குப் பகலிலும் பிரித்தறியும்படி வெவ்வேறு வேடம் போட்டிருக்கிறார்கள். கேப் ஹாட்டரஸ் விளக்கத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுருள் பட்டை. போடி தீவு விளக்கத்துக்குக் கிடைமட்டப் பட்டை. கரிட்டக் விளக்கத்துக்குப் பூச்சே இல்லை, வெறும் செங்கல் நிறம். கேப் லுக்அவுட் விளக்கத்துக்கு 1873-ல் கறுப்பு வெள்ளைச் சாய்சதுரங்கள் தீட்டினார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு: கறுப்புச் சாய்சதுரங்கள் வடக்கு, தெற்கு பக்கங்களைப் பார்த்திருக்கும், வெள்ளை கிழக்கு, மேற்கைப் பார்த்திருக்கும். ஆக, அது எந்த விளக்கம் என்பதோடு, தான் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதையும் மாலுமி படித்துக்கொள்ளலாம்.

தனித்துத் தெரிந்தால் மட்டும் போதாது, நிலைத்தும் இருக்க வேண்டும். நைஜர் நாட்டின் டெனெரே பாலைவனத்தில் ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு வேறு மரம் கிடையாது. ஒட்டகங்களோடு போகும் வணிகக் கூட்டங்களுக்கு அது வழிகாட்டி. மிகப் பெரிய பரப்பைக் காட்டும் வரைபடங்களில்கூட அந்த ஒரு மரத்தைக் குறித்திருந்தார்கள். அதன் அருகே கிணறு தோண்டியபோது, வேர் 30 மீட்டருக்கும் கீழே நீர்மட்டம்வரை இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள். 1973-ல் ஒரு லாரி மோதி அது சாய்ந்துவிட்டது. இப்போது அங்கே உலோகத்தாலான ஒரு மரம் நிற்கிறது. கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தையும், கடல் அரித்துக்கொண்டு நெருங்கியதால், 1999-ல் ஏறத்தாழ 880 மீட்டர் உள்ளே நகர்த்திவைத்தார்கள். 60 மீட்டர் உயரச் செங்கல் கோபுரமே இடம் மாறும் என்றால் விளம்பரப் பலகையையும் கடையின் பெயரையும் சுவரின் நிறத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிலத்தின் வடிவத்துக்கு முதலிடம் கொடுங்கள்: ஆற்றின் வளைவு, சரிவு, கணவாய். அடுத்து பெரிய கட்டுமானங்கள். பெயர்ப்பலகைகள் கடைசியில்தான். உங்கள் வரைபடம் எந்த ஆண்டு அச்சானது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு, நீங்கள் வரும் திசையிலிருந்து அது தெரியுமா? இதைக் கேட்காமல் விடுவதுதான் வழக்கமான ஓட்டை. முகப்பு அழகான கட்டடம் பின்பக்கத்திலிருந்து வெறும் சுவர். கோடையில் இலை அடர்ந்தால் மரத்துக்குப் பின்னால் இருக்கும் எதுவும் மறைந்துவிடும். இரவில் போவதாக இருந்தால் பகல் அடையாளங்களில் பெரும்பகுதியை அடித்துவிட்டு, விளக்கு எரியக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து தெரியுமா என்பதற்குக் கணக்கே இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். 100 மீட்டர் உயரக் குன்றின் உச்சிக்கு அது சுமார் 36 கிலோமீட்டர். தரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு 4.6 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 40. தட்டையான நிலத்திலோ கடலிலோ, காற்று தெளிவாக இருந்தால், அந்தக் குன்றின் நுனி தெரியக்கூடிய எல்லை அதுதான். அதற்கு மேல் எவ்வளவு கண்ணைச் சுருக்கினாலும் பூமியின் வளைவு விடாது.

படி 2: வழிச்சீட்டு எழுதுங்கள்

மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். வாக்கியமாக வேண்டாம். அடையாளம், கைப்பக்கம், நிமிடம், செயல், இவ்வளவு போதும். ஒரு மாதிரி:

ரயில் நிலையம், வடக்கு வாசல். நேரே வடக்கு, மணிக்கூண்டு வலக்கைப் பக்கம்.
6 நிமிடம்: கல்பாலம். தாண்டிய உடனே இடது.
ஆறு இனி இடக்கைப் பக்கமே.
10 நிமிடம்: ரயில் மேம்பாலத்தின் அடியில் நுழைகிறோம் (உறுதி).
மேம்பாலத்துக்குப் பின் 2-வது கிளை, வலது.
தண்ணீர்த் தொட்டி வந்தால் தாண்டிவிட்டோம். திரும்பு.

ஐந்து வகை வேலையும் இந்த ஆறு வரிகளுக்குள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். மணிக்கூண்டு திசைக்கு, கல்பாலம் திருப்பத்துக்கு, ஆறு கைப்பிடிக்கு, மேம்பாலம் உறுதிக்கு, தொட்டி வேலிக்கு. 'ஆறு இனி இடக்கைப் பக்கமே' என்ற வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பாலத்தில் குழம்பி எதிர்த்திசையில் திரும்பியிருந்தால், ஆறு வலக்கைப் பக்கம் வந்து முதல் நிமிடத்திலேயே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடையாளங்களை அள்ளிப் போடாதீர்கள். திருப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, நீண்ட நேர்பாதைக்கு நடுவே ஒன்று, கடைசியில் வேலி ஒன்று. அதற்கு மேல் எழுதினால் வழியைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள்.

படி 3: நேரத்தோடு கட்டுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் குறிக்காத அடையாளம் வராமல் போனால், அது வராமல் போனது நமக்குத் தெரிவதே இல்லை.

மலையேறிகளிடம் நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தள்ளி, 300 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். சுமை, வெயில், குழந்தைகள், படம் எடுக்க நிற்பது எதுவும் இதில் சேராது. உங்கள் நடையைப் பார்த்து கூட்டிக்கொள்ளுங்கள். 78 நிமிடத்தில் வர வேண்டிய கணவாய் 110 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் நின்று யோசிக்க வேண்டும். 20 நிமிடத்திலேயே 'வந்துவிட்டது' என்றால் அதைவிட அதிகமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது வேறு ஏதோ ஒன்று.

19-ம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் அடையாளத்தையே நாள்காட்டியாக வைத்திருந்தார்கள். இன்றைய வயோமிங் மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் ராக் என்ற பெரிய கருங்கல் குன்று இருக்கிறது. ஜூலை 4-க்குள் அதை எட்டிவிட்டால், பனி விழுவதற்கு முன் மேற்கு மலைகளைத் தாண்டிவிடலாம் என்பது கணக்கு. எட்டவில்லை என்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். உங்கள் வழிச்சீட்டிலும் இப்படி ஒன்று இருக்கட்டும்: இந்த அடையாளத்தை இத்தனை மணிக்குள் எட்டாவிட்டால் மேலே போவதில்லை.

படி 4: முதலில் கணியுங்கள், பிறகு பாருங்கள்

இந்த வரிசை முக்கியம். கண்ணில் ஏதாவது பட்ட பிறகு வரைபடத்தில் அதைத் தேடினால், ஏறக்குறைய ஒத்துப்போகும் ஏதாவது கிடைத்தே தீரும். அதனால் வரைபடத்தை நிலத்தோடு திசை பொருத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன வர வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இடப்பக்கம் ஓடை, அதன்மேல் மரப்பாலம், பாலத்துக்கு அப்பால் ஏற்றம்'. பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். ஓடை இருந்து பாலம் இல்லாவிட்டால் அது உங்கள் ஓடை இல்லை.

மலைகளை அடையாளமாக வைக்கும்போது வடிவத்தை நம்பி ஏமாறாதீர்கள். கேப்டவுனின் டேபிள் மலை கடல் விரிகுடாப் பக்கமிருந்து பார்த்தால்தான் மேசை. சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனால் அந்த நேர்கோடு காணாமல் போய்விடும். ஜப்பானின் ஃபூஜி மலைக்கு வேறு விதமான சிக்கல். 3,776 மீட்டர் உயரக் கூம்பு, பெரும்பாலான பக்கங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அது ஃபூஜிதான் என்பதில் சந்தேகமே வராது, ஆனால் நீங்கள் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அந்த வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். கோணல்மாணலான சிகரம் இந்த விஷயத்தில் அழகான சிகரத்தைவிட மேல்.

மழை கழுவிவிட்ட காற்றில் மலை கிட்டே வந்துவிட்டது போலத் தோன்றும். புழுதியிலும் பனிமூட்டத்திலும் தள்ளிப்போய்விடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் இதனால்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதற்கு ஒரு மருந்து இருக்கிறது.

படி 5: கட்டைவிரலால் தூரம் அளங்கள்

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் மட்டும் பார்த்து, விரலின் ஓரத்தைத் தொலைவில் இருக்கும் கட்டடத்தின் ஓர் ஓரத்தோடு பொருத்துங்கள். இப்போது விரலை அசைக்காமல் கண்ணை மாற்றுங்கள். விரல் பக்கவாட்டில் தாவியது போலத் தெரியும். எவ்வளவு தாவியது என்பதை அந்தக் கட்டடத்தை வைத்தே மதிப்பிடுங்கள். கட்டடம் 40 மீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கட்டட அகலம் தாவியிருந்தால் 80 மீட்டர். அதைப் பத்தால் பெருக்குங்கள்: 800 மீட்டர்.

பத்து எங்கிருந்து வந்தது? இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர், கண்ணிலிருந்து நீட்டிய விரல்வரை சுமார் 65 சென்டிமீட்டர். கை நீளமானவர்களுக்குக் கண் இடைவெளியும் ஓரளவு கூடவே இருப்பதால் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இந்த விகிதம் பொருந்தும். கட்டடத்தின் அகலத்தைச் சரியாக ஊகித்தால்தான் விடையும் சரியாக வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கோணத்துக்கும் கையே போதும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி சுமார் 10 பாகை அகலம், ஒரு விரல் சுமார் 2 பாகை.

படி 6: நிற்கும் இடத்தைப் பிடியுங்கள்

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சிறந்த வழி, இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும் தருணத்தைப் பிடிப்பது. முன்னால் இருக்கும் செல்போன் கோபுரமும் அதற்குப் பின்னால் மலை உச்சியும் சரியாக ஒட்டி நின்றால், வரைபடத்தில் அந்த இரண்டையும் இணைத்து உங்கள் பக்கம் நீட்டும் கோட்டின் மேல்தான் எங்கோ நிற்கிறீர்கள். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. துறைமுகங்களில் கப்பல் நுழையும் வாய்க்காலுக்கு நேராக, முன்னே தாழ்வாக ஒன்றும் பின்னே உயரமாக ஒன்றுமாக இரண்டு விளக்குகளை வைப்பது இதற்காகத்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் வாய்க்காலின் நடுவில் இருக்கிறது. விலகினால் விளக்குகளும் விலகும். நீங்கள் ஒரு பாதையிலோ ஆற்றங்கரையிலோ இருந்தால் அந்தக் கோடு பாதையை வெட்டும் புள்ளிதான் உங்கள் இடம்.

காம்பஸ் இருந்தால், நிச்சயமாகத் தெரிந்த ஓர் அடையாளத்தின் திசைக்கோணத்தை, அதாவது வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளக்கும் கோணத்தை, எடுங்கள். 40 பாகை என்று வைத்துக்கொள்வோம். காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல, இடத்துக்கு இடம் வித்தியாசம் மாறும். வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் அளவைச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். பிறகு 180 கூட்டினால் 220. வரைபடத்தில் அந்த அடையாளத்திலிருந்து 220 பாகையில் ஒரு கோடு. இன்னோர் அடையாளத்துக்கும் அதேபோல் ஒரு கோடு. வெட்டும் இடத்தில் நீங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையே கோணம் 90-ஐ ஒட்டி இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கத்தில் நெருக்கமாக இருந்தால் சின்னப் பிழைகூடப் பெரிதாகிவிடும். மூன்றாவது கோடும் போட்டால் மூன்றும் ஒரு சின்ன முக்கோணத்தை உண்டாக்கும். முக்கோணம் பெரிதாக வந்தால் ஏதோ ஓர் அடையாளத்தை ஆள்மாறாட்டம் செய்துவிட்டீர்கள்.

படி 7: வேண்டுமென்றே விலகிப் போங்கள்

ஆற்றின் மேல் இருக்கும் ஒரே பாலத்தை நோக்கித் திறந்த வெளியில் நடக்கிறீர்கள். நேராகப் பாலத்தையே குறிவைத்து நடந்து, ஆற்றை அடைந்ததும் பாலம் இல்லை. இடது பக்கம் தேடுவதா, வலது பக்கமா? 10 கிலோமீட்டர் நடையில் 5 பாகை விலகினாலே 870 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால் முதலிலேயே பாலத்துக்கு இடப்பக்கமாக, நிச்சயம் விலகும் அளவுக்குக் குறிவைத்து நடங்கள். ஆறு வந்ததும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பினால் பாலம்.

பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்ற ஆங்கிலேய விமானி 1931-ல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு டாஸ்மன் கடல் மேல் தனியாகச் சிறு விமானம் ஓட்டியபோது இதைத்தான் செய்தார். இடையில் எரிபொருள் நிரப்ப நார்ஃபோக் தீவையும் லார்ட் ஹவ் தீவையும் கண்டுபிடித்தாக வேண்டும். பரந்த கடலில் இரண்டும் புள்ளிகள். தீவையே குறிவைக்காமல் வேண்டுமென்றே ஒரு பக்கம் விலகிப் பறந்து, சூரியனின் உயரத்தை அளந்து, கணக்குப்படி வந்த நேரத்தில் தீவின் பக்கம் திரும்பினார்.

எதுவும் தெரியாத வேளையில்

மூடுபனியில் திசை அடையாளங்கள் முதலில் போய்விடும், மிஞ்சுவது கைப்பிடிக் கோடுகள்தான். சுற்றுவழியானாலும் ஆறு, வேலி, சாலை எதையாவது ஒட்டியே போங்கள். ஆற்றின் இரைச்சலும் சாலையின் ஒலியும்கூட அப்போது அடையாளங்களே. தெளிந்த இரவில் வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகத்தான் விலகியிருக்கும். எந்தக் கோபுரமும் தராத துல்லியம் அது.

பசிபிக்கின் கரோலின் தீவுகளைச் சேர்ந்த மாலுமிகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு தீவையே அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். எடாக் என்பது அந்த முறையின் பெயர். படகு நிற்கிறது, பக்கவாட்டில் எங்கோ இருக்கும் அந்தத் தீவு, அடிவானத்து நட்சத்திரங்களின் கீழே ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணிப்பார்கள்.

வழி தவறிவிட்டால்

நில்லுங்கள். நடந்துகொண்டே யோசித்தால் யோசனை காலுக்கு ஒத்தாசையாகத்தான் வரும். கடைசியாக, துளியும் சந்தேகமின்றிப் பார்த்த அடையாளம் எது, அதைத் தாண்டி எத்தனை நிமிடம் ஆயிற்று? அந்த நிமிடத்தை நடைவேகத்தோடு பெருக்கினால் வரும் தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் போடுங்கள், அதற்குள்தான் இருக்கிறீர்கள். நேரம் குறித்துவைத்தவர்களுக்கு இந்த வட்டம் சின்னது. வட்டத்துக்குள் உங்கள் கண்முன் இருப்பதோடு ஒத்துப்போகும் இரண்டு அடையாளங்கள் கிடைக்காவிட்டால், தடம் தெரியும்வரை வந்த வழியே அந்தக் கடைசி அடையாளத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேட இது நேரமில்லை.

ஆள் நடமாட்டம் இருந்தால் கேளுங்கள். வாயில் இருக்கிறது வழி. ஆனால் 'இது அந்த ஊருக்குப் போகும் வழிதானே?' என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். 'அந்த ஊருக்கு எப்படிப் போவது?' என்று கேட்டு, வழியில் என்னென்ன வரும் என்பதையும் கேளுங்கள். அடையாளம் சொல்கிறவர் உண்மையாகவே போனவர்.

நீங்கள் வழி சொல்லும்போது, இப்போது இல்லாத ஒன்றை அடையாளமாகச் சொல்லிவிடாதீர்கள். நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை 1972-ல் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதற்கு முன் இருந்த கட்டடங்களை வைத்து, இன்ன இடம் இருந்த மூலையிலிருந்து ஏரிப் பக்கம் இத்தனை தெரு என்று அங்கே இன்றும் முகவரி சொல்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு அது கச்சிதமான முகவரி, புதிதாக வந்தவருக்குப் புதிர்.

நாமே அடையாளம் வைக்கலாமா

கூட்டமாகப் போகும்போது பின்னால் வருபவர்களுக்குக் குறி விட்டுச்செல்வது பழைய பழக்கம். மலைபடுகடாம், புதிய நிலத்துக்கு வருகிறவர்களிடம், பாதை பிரியும் கவர்வழியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. ஆர்க்டிக்கில் இனுயிட் மக்கள் கல்லை அடுக்கி இனுக்சுக் என்ற குறிகளை எழுப்புகிறார்கள். அப்படி அடுக்கியவை இன்னொருவரின் உயிரைக் காக்கும். பொழுதுபோக்குக்காக அடுக்கும் கல் குவியலோ, பனிமூட்டத்தில் வருகிறவரைப் பாறை விளிம்புக்கு இழுத்துச் செல்லும். உங்கள் குழுவுக்காக ஏதாவது குறி வைத்தால் கடைசியாக வருபவர் அதைக் கலைத்துவிட்டு வர வேண்டும். ஏற்கெனவே இருப்பவற்றில் கை வைக்கக் கூடாது.

திரும்பி வரும் வழி

போன வழியும் வரும் வழியும் தரையில் ஒன்றுதான், கண்ணுக்கு ஒன்றில்லை. போகும்போது இரண்டாகப் பிரிந்தது, வரும்போது இன்னொரு பாதை வந்து சேரும் இடமாகத் தெரியும். பிரிவாகக் கண்ணிலேயே படாது. போகும்போது சாதாரணமாக வந்து சேர்ந்த இடமோ, வரும்போது குழப்பும் கவர்வழி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பத்தடி தாண்டியதும் நின்று திரும்பிப் பாருங்கள். முடிந்தால் போனில் ஒரு படம், வந்த திசையைப் பார்த்து. வழிச்சீட்டின் பின்பக்கத்தில், கடைசி வரியிலிருந்து தொடங்கி, இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். மேலே பார்த்த மாதிரியில் ஆறு இப்போது வலக்கைப் பக்கம் வரும், கல்பாலத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும், மணிக்கூண்டு இடக்கைப் பக்கம். தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பும் வழியில் வேலையில்லை. புதிய வேலி ஒன்று வேண்டும்: கல்பாலத்தைத் தவறவிட்டு ஆற்றை ஒட்டியே போனால் அடுத்து என்ன வரும் என்று வரைபடத்தில் பார்த்து அதைக் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.